கையைப் பழக்குகிறவர்

நாலு மணிக்கு மேஸ்திரி விசில் ஊதியதும் மற்றவர்கள் இடுப்புப் பையை அவிழ்ப்பார்கள். காளியண்ணன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டு, இன்னொரு வரிசைக் காப்பிச் செடிக்குள் இறங்குவார். கூலி கிடையாத வேலை. இருட்டுகிற வரை நடக்கும்.

மலைமேல் கொட்டச்சேடு ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்த எஸ்டேட்டில் பழ மூட்டை ஏற்றும் வண்டி என்னுடையது. மூட்டை கட்டி முடியும்வரை எனக்கு வேலை இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வயது நாற்பத்தெட்டு. இரண்டு கண்ணிலும் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது. இப்போதே குழாய்க்குள் பார்ப்பது போலத்தான் தெரிகிறதாம். போன பார்வை திரும்பாது, மிச்சம் ஒரு வருஷம் தாங்கலாம் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட, ஆள் பேரேடு எழுதும் எஸ்டேட் ரைட்டர் சின்னராஜ், "கண்ணு தெரியாத ஆளை நான் எந்த வேலையில எழுதறது காளியண்ணா? தை மாசம் பேரை எடுத்துருவேன்" என்றார்.

"அதுக்குள்ள கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு வரிசை எடுத்துக் காட்டறேனுங்க. பையில பச்சை கெடந்தா அப்பறம் பேரை எடுங்க."

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தக் கட்டு.

முதல் வாரம் பை நிறையப் பச்சைக்காய். ஒரு நாள் முசுறு எறும்புக் கூட்டுக்குள்ளேயே கையை விட்டுவிட்டார். முழங்கை வரை வீங்கிப்போனது. "கண்ணாமூச்சியா அண்ணா? எங்களையும் சேத்துக்க!" என்று பழம் எடுக்கிற பெண்கள் சிரித்தார்கள். அவர் அசரவில்லை. பழுத்தது விரலுக்கு மெத்தென்று அமுங்கி, தொட்டதும் கழன்று வரும். பச்சை கல் மாதிரி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற செங்காய்தான் ஆளை ஏமாற்றும். அதைப் பிடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

கட்டு இல்லாத நேரத்திலும் அவர் கண் சும்மா இருக்காது. தண்டைப் புழு துளைத்த செடியைக் கண்டால், பட்டை புடைத்திருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளங்கையால் தடவுவார். பிறகு கண்ணை மூடித் தடவுவார். "கண்ணு இருக்கறப்பவே கைக்குச் சொல்லிக் குடுத்துடோணுங்க" என்பார். செல்போன், டிவி எதையும் பார்ப்பதில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "யோவ், வண்டி இருக்குது. உன்னையும் ஊட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போயிக் கடலைக் காட்டறேன். இருக்கிற கண்ணை இந்தச் செடியில கொட்டறியே" என்றேன்.

"கடல் நான் பாக்காட்டியும் அங்கதானுங்க இருக்கும். இந்த வேலை இருக்குமுங்களா?"

பக்கத்தில் அவர் மனைவி வெண்ணிலா பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எம் மூஞ்சியப் பாக்கக்கூட இவருக்கு நேரமில்லீங்க" என்றாள்.

"இருவத்தஞ்சு வருசமாப் பாத்தது. மனப்பாடம்" என்றார் அவர். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்கழிக் கடைசியில் சின்னராஜ் பரீட்சைக்கு வந்தார். காலை ஏழு மணிக்கு! அன்றைக்கு நானும் காலையிலேயே வண்டியோடு வந்திருந்தேன். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத பனி. காளியண்ணன் பழகியது எல்லாம் வெயில் குடித்து இளகிய சாயங்காலப் பழத்தில். காலைக் குளிரில் பழுத்ததும் கல்லாகத்தான் இருக்கும் என்பது, இத்தனை வருஷம் நிறம் பார்த்தே எடுத்த அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

கட்டிக்கொண்டு முதல் கொத்தைத் தொட்டவர் அப்படியே நின்றார். விறைத்த விரல்களை அக்குளில் வைத்துச் சூடேற்றினார். ஒவ்வொன்றாகத் தொட்டார், விட்டார், மறுபடி தொட்டார். வெண்ணிலா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். வரிசை முடிய மற்றவர்களுக்கு ஆகிற நேரத்தைப் போல மூன்று மடங்கு ஆயிற்று.

சின்னராஜ் பையை விரித்த சாக்கில் கொட்டினார். பாதிப் பைகூட இல்லை. குனிந்து கிளறினார். ஒரு பச்சை கிடையாது. செங்காய் இரண்டு.

"இவ்வளவுதானா காளியண்ணா?"

"சந்தேகமானதை உட்டுட்டேனுங்க. செடியிலயே இருக்கட்டும். வெயில் வந்தா எடுத்துக்கலாம்."

ரைட்டர் அந்தச் செங்காய் இரண்டையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "கண்ணை முழிச்சுக்கிட்டு எடுக்கறவங்களே இத்தனை சுத்தமா எடுக்கறதில்ல. பேரு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெண்ணிலா ஓடி வந்து துண்டின் முடிச்சில் கையை வைத்தாள். "ஏனுங்க, அதான் ஆயிருச்சில்ல, அவுத்துடுங்க."

காளியண்ணன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இரு புள்ள. குளிருக்குக் கையைப் பழக்காம உட்டுட்டேன்" என்றவர், பனிக்குள் கையை நீட்டி அடுத்த செடியைத் தேடினார்.