அம்மா திருப்பிக் கொடுக்கப்போன ஜக்கெற்

“உந்த இழுத்து மூடின கொம்பனியளைப் பற்றிப் படிச்சுப்போட்டு, பிள்ளை, எந்தக் கொம்பனியில வேலை எடுக்கப்போறாய்?”

பெரிய மாமா இதைக் கேட்டபோது கனடாவில் ரூஜ் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். தட்டச்சு இயந்திரங்களையும் கணினிகளையும் தொடக்க காலத்தில் செய்த நிறுவனங்களின் வரலாற்றை முதுகலைக்கு எடுத்திருக்கிறேன் என்று அன்றுதான் சொல்லியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கணக்காளராக வருவேன் என்று காத்திருந்தவர்களுக்கு அது ஏமாற்றந்தான். புட்டுப் பரிமாறிக்கொண்டிருந்த அம்மாதான் மறுமொழி சொன்னார்:

“அண்ணை, நான் வேலை செய்தது முழுக்க மூடின கொம்பனியிலதான். நீங்கள் கனடாவில முதல் விண்டரைக் கழிச்சதும் அந்த மூடின கொம்பனியின்ர ஜக்கெற்றோடதான். இன்னும் கொஞ்சம் புட்டு வைக்கட்டே?”

மாமா தட்டை நீட்டினார்.

அம்மா பிறந்தது சண்டிலிப்பாயில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட, காலால் மிதிக்கும் தையல் மெசினில் அயலட்டைப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார். போர் துரத்த, கனடா வந்து, பார்க்டேல் என்ற பகுதியில் ஓர் ஒற்றை அறையில் அப்பாவுடன் குடும்பம் தொடங்கினார். அப்பா உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அம்மா பஸ் மாறிப் பஸ் ஏறி, நகரின் மறுகோடியில் மின் தட்டச்சு இயந்திரம் செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். எழுத்துகள் பதித்த சக்கரத்தை இயந்திரத்தில் பொருத்துவது அவருடைய வேலை. “இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாமலே எத்தினை ஒவ்வீசுக்கு இங்கிலிஸ் அனுப்பினனான் தெரியுமே?” என்று பின்னாளில் பெருமையடிப்பார்.

அந்த நிறுவனம் எல்லோருக்கும் முதுகில் தன் பெயர் பதித்த கடும் நீல ஜக்கெற் கொடுத்தது. எல்லாமே ஆண்களின் அளவு. அம்மா அதன் கைகளை வெட்டித் தன் அளவுக்குத் தைத்துக்கொண்டார். தட்டச்சு இயந்திரத்தை வாங்க ஆளில்லாமல் போக, நிறுவனம் மூடப்பட்டது. வேலை போன கவலையை விட அம்மாவுக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஜக்கெற் கொம்பனிச் சாமான். அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தோய்த்து, மடிப்புக் குலையாமல் அயன் பண்ணி, பையில் போட்டுக்கொண்டு அதே பஸ்களில் போனார். வாசலில் வேறு பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்தை ஒரு கணினி நிறுவனம் எடுத்திருந்தது.

உள்ளே நின்ற மேற்பார்வையாளர் அம்மணிக்கு அம்மா சொன்னது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு ஜக்கெற்றை விரித்துக் கையைப் பார்த்தார். “இதை யார் வெட்டியது?” என்று கேட்டார். கொம்பனிச் சாமானை வெட்டியது பிடிபட்டுவிட்டது என்று நினைத்த அம்மா தன்னைக் காட்டினார். அந்த அம்மணி தையலை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். ஒரு மேசைக்குக் கூட்டிப்போய்ச் சிறு சிறு வயர்களைக் கொடுத்து, ஈயம் வைத்து ஒட்டிக் காட்டச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அம்மாவுக்கு அதே கட்டடத்தில் கணினி செய்யும் வேலை. பழைய ஜக்கெற் அம்மாவிடமே திரும்பி வந்தது; புதியதும் ஒன்று கிடைத்தது.

அந்த நிறுவனமும் போய் அடுத்தது வந்தது, அதுவும் போனது. ஜக்கெற்றுகள் மட்டும் எங்கள் அலுமாரியில் சேர்ந்தன. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவற்றில் ஒன்றைப் போட்டவர்கள். நீங்கள் மெல்லிய சட்டையோடு விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, வாசலில் ஜக்கெற்றும் கையுமாக நின்றவர் அம்மா. உங்கள் முதல் கனடாப் படத்தில் நிற்கும் உங்களை முதுகுப்பக்கம் திருப்பிப் பார்க்க முடிந்தால், செத்துப்போன ஒரு நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கும்.

படிக்கிறவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். தட்டச்சு இயந்திரத்தை முதலில் சந்தைக்குப் பெருமளவில் கொண்டுவந்த நிறுவனம் துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்த ஒன்று. அதனால் அதில் பூக்கள் வரைந்து, காலால் மிதிக்கும் கட்டையும் வைத்திருந்தார்கள் என்று சொன்னபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மிதிகட்டையோ? அப்ப நான் சண்டிலிப்பாயிலயே சேவிசைத் தொடங்கீட்டனடி!”

ஆனால் அந்த நூல்களில் முதலாளிகள் இருந்தார்கள், இயந்திரங்கள் இருந்தன. பெயர்ப்பலகை மாறியபோது உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு வரி நான் காணவில்லை. அதை எழுதவே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். அதற்குள் அம்மா நோயில் விழுந்துவிட்டார். மருத்துவமனையிலும் அவர் வாய் ஓயவில்லை. மகள் டொக்டர் ஆகப்போகிறா என்று எல்லோருக்கும் சொன்னார். “என்ன டொக்டர்?” என்று தமிழ்த் தாதி ஒருவர் கேட்டார்.

“செத்த கொம்பனியளைப் பாக்கிற டொக்டர். அவையள் எழும்பி முறைப்பாடு சொல்ல மாட்டினம், நல்ல வேலை.”

பல்கலைக்கழகத்தின் பதில் வரமுன் அம்மா போய்விட்டார்.

அந்தத் தாதியருக்கும், அப்பாவைத் தனியே சாப்பிட விடாத அயலவருக்கும், வாகன வசதி செய்தவர்களுக்கும், கிரியைகளை முன்நின்று நடத்திய மாமாக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. உங்களை வரவேற்க ஒருகாலத்தில் அம்மா நின்றார். அவரை வழியனுப்ப நீங்கள் எல்லோரும் வந்து நின்றீர்கள்.

போன மாதம் பெரிய மாமா ஒரு பையோடு வந்தார். உள்ளே அந்தக் கடும் நீல ஜக்கெற், தோய்த்து அயன் பண்ணியபடி. அம்மா வெட்டித் தைத்த கை மாமாவுக்கு முழங்கைக்குச் சற்றுக் கீழேதான் வந்திருக்கும். அதோடுதான் ஒரு விண்டர் முழுக்கக் கழித்திருக்கிறார்.

“கொம்பனிச் சாமான், பிள்ளை. திருப்பிக் குடுக்கவேணும் எண்டு அவள் சொல்லுவாள்.”

“இருங்கோ மாமா. நீங்கள் சொல்லுறதை ரெக்கோட் பண்ணப்போறன்.”

“நான் என்னத்தைச் சொல்ல? நான் அங்க வேலை செய்யேல்லையே.”

“போட்டனீங்கள்தானே? அதைச் சொல்லுங்கோ.”

மாமா தொண்டையைச் செருமினார். விமான நிலையத்தில் தொடங்கியவர், இரண்டு தேநீர் முடிந்தும் நிறுத்தவில்லை. செப்டெம்பரில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்துவிட்டேன். அதன் முதல் ஒலிப்பதிவு, மாமாவின் குரல்.