நான் போகாத வியாழக்கிழமை

பேய், காத்து, கருப்பு எதையும் நான் நம்புகிறவன் இல்லை. மரக்காணம் உப்பளத்தில் இருபத்தெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். விடியும் முன்னே தனியாகப் பாத்தியில் இறங்கியிருக்கிறேன், ஒரு நாளும் எதையும் பார்த்ததில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அந்த மாதிரிக் கதை பேசினால் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன், மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். இதையும் வெளியே சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். பயம் காரணமில்லை, வெட்கம்தான் காரணம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் மகள் பவித்ரா புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. படித்தாள். கடைசி வருஷம், கடைசி செமஸ்டர், அதிலும் கடைசி வாரம். ரெக்கார்டு நோட்டு முடிக்க வேண்டும், பிராஜெக்டை பைண்டிங் போட வேண்டும், லைப்ரரியிலும் லேபிலும் போய் இவள் எதையும் திருப்பித் தராமல் வைத்திருக்கவில்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன், அதில் கூடப் படிக்கிற பிள்ளைகள் அனுப்பிய நோட்ஸ். அதற்கு நடுவில் கடைசி நாள் போட்டோவுக்கு என்று அவள் அம்மாவின் பட்டுப்புடவையை எடுத்துப் பார்த்து, "பரீட்சையில பெயிலானாலும் போட்டோல பாஸாயிடணும்மா" என்றாள். அப்படிச் சிரித்துப் பேசுகிறவள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அட்டெண்டன்ஸ் குறைவாம், ஹால் டிக்கெட் கொடுக்க மாட்டார்களாம். வியாழக்கிழமை மூணு மணிக்குள் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து, அவள் படிக்கிற பிரிவுக்குத் தலைவரான மேடத்திடம் காரணம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை முதல் பரீட்சை. யாரும் வராவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

அவள் கல்லூரிக்குப் போகாததற்குக் காரணம் நான்தான். உப்பு வாருகிற வேலை எங்களிடம் ஜோடி வேலை, ஜோடி இல்லாதவனுக்கு மேஸ்திரி பாத்தி கொடுக்க மாட்டார். எனக்கு ஜோடி என் வீட்டுக்காரிதான். மாசி மாசம் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிப் படுத்துவிட்டாள். வேறு ஜோடி தேட நாலு பேரிடம் போய்க் கேட்க வேண்டும், எனக்கு அந்த வாய் இல்லை. அதனால் பவித்ராவைக் கூட்டிப் போனேன். மேஸ்திரியே வேறு ஜோடி பார்த்துத் தருகிற வரை, இருபத்தாறு நாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, பரீட்சை வரும்போதும் ஆறாமல், பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டுதான் ரெக்கார்டு எழுதினாள்.

"நீ வந்து ரெண்டு வார்த்த சொன்னா போதும்பா. நானே பக்கத்துல நிக்கறேன்" என்றாள். அவள் அம்மாவுக்கு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக இன்னும் தெம்பில்லை. சரி என்றேன்.

நான் நாலாவது வரை படித்தவன். பேங்குக்குப் போனால்கூட, ஃபாரம் நிரப்பித் தர முகம் தெரிந்தவன் வருகிற வரை வாசலிலேயே நிற்பேன். ஆனாலும் புதன்கிழமை முழுக்க உப்பு வாருகிற பலகையை இழுத்துக்கொண்டே, மேடத்திடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, உதடுகூட அசையவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை அவள் காலையிலேயே போய்விட்டாள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பத்து மணிக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். அந்தக் கல்லூரியின் பெயர் இங்கிலீஷ் பெயர். வீட்டில் நன்றாகச் சொல்ல வந்தது, அங்கே வாயில் வரவில்லை. அவர் மூணு தடவை கேட்டார், முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கீழ்புத்துப்பட்டு" என்று சொல்லிவிட்டேன், அது சுலபமாக வந்தது. அங்கே இறங்கி வேறு பஸ் பிடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு பஸ் வந்தது, ஏறவில்லை. மூணாவதாக வந்தது மரக்காணம் போகிற பஸ். அதில் ஏறிவிட்டேன். சொல்லவே கூசுகிறது, ஆனால் இதுதான் நடந்தது.

வீட்டுக்குப் போக முகமில்லாமல் நேராக உப்பளத்துக்குப் போனேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "இன்னாயா, மாப்ள கணக்கா வந்துகிற, உப்புக்குத் தாலி கட்டப் போறியா?" என்றார். போனை அணைத்துவிட்டு, கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ரெண்டு மணிக்கு மேஸ்திரி பாவம் பார்த்துக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூணு மணி தாண்டியது எனக்குத் தெரியும். நாலு மணிக்குத்தான் எழுந்து வீட்டுக்குப் போனேன்.

அழுதுகொண்டு வருவாள், காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு பவித்ரா சிரித்துக்கொண்டே வந்தாள். கையில் ஹால் டிக்கெட், இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"ஏம்பா, கூப்டக் கூப்ட திரும்பிப் பாக்காம போயிட்ட? வெறுங்காலோடயா பஸ் ஏறின?" என்று கவரைக் கவிழ்த்தாள். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு விழுந்தது.

பாத்தியில் இறங்கும் முன் எல்லோரும் செருப்பை வரப்பில் விடுவோம். எல்லாம் ஒரே கடையில் வாங்கியது, மாறிப்போகும். அதனால் ஆளுக்கொரு அடையாளம் வைப்போம். நான் ஆணியைக் காய்ச்சிக் குதிகால் பக்கம் மூணு புள்ளி வைத்திருப்பேன். கவரிலிருந்து விழுந்த செருப்பிலும் மூணு புள்ளி. வலது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது, நான் அப்படித்தான் மிதிப்பேன். அடியில் செம்மண் ஒட்டியிருந்தது, எங்கள் பக்கம் அந்த மண் கிடையாது. என் செருப்பு வாசலில் கிடந்தது. எட்டிப் பார்த்தேன், கிடந்தது.

அவள் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா ரெண்டு மணிக்கு வந்தாராம், செருப்பை ரூமுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாராம், மேடம் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாள்:

"தப்பு எம்மேலங்க. ஜோடிக்கு ஆள் தேடறதுக்கு வெக்கப்பட்டுகினு பொண்ண இட்டுகினு போயிட்டேன். அந்த இருபத்தாறு நாளும் நான் வராத நாளுன்னு எழுதிக்கோங்க, அவ வராத நாளுன்னு எழுதாதீங்க."

பாத்தியில் நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை. ஒன்றுகூட மாறவில்லை.

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். யாரையாவது அப்பா என்று கூட்டிப் போயிருப்பாள் என்று நானும் நினைத்தேன். ஆனால் அந்த வார்த்தையை யார் சொல்லிக் கொடுத்தது? அந்தக் கல்லூரியில் வாட்ச்மேனாக இருக்கிற கோவிந்தன், முன்பு எங்கள் உப்பளத்தில் என்னோடு பத்து வருஷம் வேலை செய்தவன். அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "கேட்டாண்ட என்னைப் பாத்துட்டு பேசாம போறியே, பெரிய ஆளாயிட்டியா?" என்று கோபித்துக்கொண்டான். மேஸ்திரியைக் கேட்டால், "ரெண்டு மணிக்கு நான்தானய்யா உனக்குத் தண்ணி குட்த்தேன்" என்கிறார்.

அன்றைக்கு பவித்ரா என் பக்கத்தில் உட்கார்ந்து, "மேடமே எழுந்து நின்னுட்டாங்கப்பா. எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சி தெரியுமா" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன், "சரி சரி, போய்ப் படி" என்றேன். போகாத இடத்துக்குப் போனதாக ஒப்புக்கொண்டேன், அவ்வளவுதான். அவள் எல்லாப் பரீட்சையும் எழுதிப் பாஸானாள், இப்போது திண்டிவனத்தில் வேலை பார்க்கிறாள். யாராவது என்னைக் கூச்சக்காரன் என்று சொன்னால் சண்டைக்குப் போகிறாள். எங்கப்பா யாருன்னு எனக்குத் தெரியும் என்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை நிமிராது.

அந்தச் செருப்பைத் தூக்கிப் போட எனக்குத் தைரியம் வரவில்லை, காலில் மாட்டவும் மனசு வரவில்லை, வாசல் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன். பரீட்சையெல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வீடு கழுவின என் வீட்டுக்காரி, "ரெண்டு ஜோடி வச்சிகினு ஒண்ணத்தான் போடற" என்று திட்டிக்கொண்டே இரண்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, செம்மண்ணெல்லாம் போக அலசி, ஒன்றாகக் காயவைத்துவிட்டாள்.

இரண்டிலும் மூணு புள்ளி, இரண்டிலும் அதே தேய்மானம், இரண்டும் என் காலுக்குச் சரியாக இருக்கிறது. எது நான் கீழ்புத்துப்பட்டில் திரும்பி வந்தபோது போட்டிருந்தது, எது அவளுக்காகக் கல்லூரி வரை போனது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தினமும் காலையில் ஏதோ ஒன்றில் காலை நுழைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போகிறேன். யாருடையதை மாட்டிக்கொண்டு போகிறேன் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.