மாமாவுக்குப் பழகிப்போன பானம்

எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் மாமா வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். சினிமா தியேட்டரோ, பல் டாக்டரின் அறையோ, கடைசி வரிசை வரை கண்ணை ஓட்டிவிட்டுத்தான் நகர்வார். அவர் டவுன் பஸ் ஓட்டுநர். டிப்போவில் வண்டியை விடும்போது கடைசி சீட் வரை நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அது உடம்போடு ஒட்டிக்கொண்டது.

அப்படிப்பட்டவர் போன வருடம் ஒருநாள் பார்க்காமல் இறங்கிவிட்டார். பின் சீட்டில் தூங்கிய பெரியவரைக் காவலாளிதான் எழுப்பி அனுப்பினார். புகார் எதுவும் இல்லை. ஆனால் மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருடைய அண்ணனுக்கு மறதி நோய் இப்படிச் சின்னதாகத்தான் தொடங்கியது. இப்போது அவருக்குத் தம்பியையே அடையாளம் தெரியாது.

"நீதான் நம்ம வீட்டுல காலேஜ் போனவ. சொல்லும்மா, எனக்கும் அதேதானா?"

நான் படித்தது வணிகவியல். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பல்கலைக்கழக ஆய்வு ஒன்றுக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தைக் காட்டினேன். தினமும் கீட்டோன் பானம் குடித்தால் உடம்பும் மூளையும் எப்படி இருக்கின்றன என்று ஆறு மாதம் பார்ப்பார்கள். பாதிப் பேருக்கு நிஜப் பானம், பாதிப் பேருக்கு அதே கசப்போடு வெறும் தண்ணீர். பட்டினி கிடக்கும்போது உடம்பே கொழுப்பிலிருந்து கீட்டோனைத் தயாரித்துக்கொள்ளும், மூளைக்கும் அது எரிபொருள் என்று, மாமாவைச் சேர்க்கப் போனபோது ஆய்வு டாக்டர் விளக்கினார்.

"டீசல் தீர்ந்தா பேட்டரியில ஓடுற மாதிரி," என்றார் மாமா.

முதல் நாள் வெறும் வயிற்றில் ஒரு மூடி குடித்துவிட்டு, "பெயிண்ட் கடையை நக்கின மாதிரி இருக்கு," என்று கண்ணில் நீர் வர உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டில் வந்ததும் முகம் தெளிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் பாட்டில் வாங்கும் வரிசையில் பானத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்தார்: "மனசு வெச்சா நாக்கு பழகிடும் சார். என்னைப் பாருங்க."

அடுத்த பரிசோதனையில் நர்ஸ் விரல்நுனியைக் குத்தி எடுத்த ரத்தத்தைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பானம் மட்டும்தாம்மா. சத்தியமா."

"சுகர் எகிறி நிக்குதே. இப்படியே இருந்தா ஆய்வுல வெச்சுக்க முடியாது."

மாமாவின் முகம் வெளுத்துப்போனது. அண்ணனுக்கும் முதலில் சர்க்கரைதான் வந்தது. அப்போது பக்கத்தில் இருந்த அத்தை முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"நான்தாங்க பாட்டில்ல பாகு காய்ச்சி ஊத்தினேன். மனுஷன் தினமும் காலங்காத்தால அழுதுக்கிட்டே குடிச்சா எப்படிப் பார்த்துட்டு இருக்கறது?"

நர்ஸ் திரும்பி நின்று சிரிப்பை அடக்கினார். மாமாவால் கோபத்தை அடக்க முடியவில்லை. "அறிவிருக்காடி உனக்கு? என்னைக் கொல்லவா பார்த்த?" வரிசையே திரும்பிப் பார்த்தது. அத்தை தலை குனிந்துகொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. புதுப் பாட்டில் கொடுத்து முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அடுத்த முறை சர்க்கரை சரியாக இருந்தது. மாமா மட்டும் மறுபடி தினமும் கண்ணீர் விட்டார். உபதேசத்தை நிறுத்திவிட்டார்.

கடைசி நாளில் வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிக் கேட்டார்கள், படங்களை வரையச் சொன்னார்கள். டாக்டர் சேர்ந்த அன்று எடுத்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டார். "எதுவும் குறையல. உங்க வயசுக்கு நல்லாவே இருக்கு. அன்னைக்கு மறந்தது தூக்கமில்லாம ரெண்டு ஷிஃப்ட் ஓட்டினதால இருக்கலாம்."

"பானத்தாலதான் நல்லா இருக்காரா?" என்று கேட்டேன்.

"அவருக்குக் கிடைச்சது எதுன்னு எனக்கே தெரியாதும்மா. எல்லாரும் முடிச்சப்புறம்தான் பிரிச்சுப் பார்ப்போம்."

இவ்வளவு படித்தவர் கூச்சமில்லாமல் தெரியாது என்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். பிறகு தானாகவே சிரித்தார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அத்தை சிரிக்கவில்லை. "அத்தனை பேர் முன்னாடி கத்தினீங்களே. அதுக்கு இன்னும் ஒரு வார்த்தை வரல."

மாமா தொண்டையைக் கனைத்தார். "அது வந்து..." என்று தொடங்கி, சாலையைப் பார்த்தார். "பஸ் வந்துடுச்சு, ஏறு ஏறு."

"ஏறுறேன். வட்டியும் ஏறிட்டுதான் இருக்கு," என்றாள் அத்தை.

நாலு மாதம் ஆகிறது. அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கி.