வெளியே தெரியாத காது மெஷின்

எனக்கு மாவு மில். மிளகாயும் மல்லியும் அரைக்கிற இரைச்சலில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று ஆன பிறகுதான் காது மெஷின் பேச்சே வந்தது. கடலூரில் இருந்து அவளும் நானும் பஸ் ஏறி, சிதம்பரத்தில் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரப் பெண் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தாள். ஒன்று காதுக்குப் பின்னால் மாட்டுவது. கொஞ்சம் தடிமன்தான். ஆனால் அதன் முதுகில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. உருட்டினால் சத்தம் கூடும், குறையும். அங்கேயே மாட்டி உருட்டிப் பார்த்தேன். தெருவில் பூ விற்பவள் யாரையோ திட்டுவது கேட்டது. இதுவே போதும் என்றேன். மற்றது காதுக்குள் முழுசாக ஒளிந்துகொள்ளும். அதைக் கையில் எடுத்த மகள் கீழே வைக்கவே இல்லை.

"அப்பா, இதான். வீடியோவுல ஒண்ணுமே தெரியாது. அவுங்க வீட்டுல யாருக்கும் இது தெரிய வேணாம்ப்பா."

"சத்தத்த எப்டிம்மா கூட்டுறது?"

"எல்லாம் போன்லயே பண்ணிக்கலாம் சார்" என்றாள் கடைக்காரப் பெண், வரம் கொடுப்பது போல.

கல்யாணப் பெண் ஆசையாகக் கேட்கிறாள். வாங்கினேன். வாங்கிய நாள் முதல் நிம்மதி போனது. பேட்டரி துவரம்பருப்பு அளவு. மில்லில் தேய்ந்து மரத்துப்போன என் விரலுக்கு அது பிடிபடுமா? கீழே விழுந்தால் குடும்பமே தரையில் தவழ்ந்து தேட வேண்டும். காதிலிருந்து மெஷினை வெளியே இழுக்கத் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் வைத்திருந்தார்கள். சத்தத்தைக் குறைக்கப் போனை எடுத்தால், அது சோப்புக் கட்டி போலக் கையை விட்டு வழுக்கும். வியர்த்த விரலைப் போன் அடையாளம் கண்டுகொள்ளாது. கடலூரில் எந்த மாதத்தில் விரல் வியர்க்காமல் இருக்கிறது? இதையெல்லாம் செய்தவன் ஒரு தடவையாவது காது கேட்காத மனிதனைப் பார்த்திருப்பானா? அவனுக்குத் தன் பொருள் அழகாக இருந்தால் போதும்.

நிச்சயத்துக்கு முதல் நாள் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேலய விடச் சொல்லி சபையில கேப்பாங்கப்பா. அவுருக்கு ஒண்ணும் இல்ல, அவுங்க மாமாதான் புடிவாதம். நீதாம்ப்பா முடியாதுன்னு சொல்லணும்."

லேப் டெக்னீஷியன் வேலை. அதற்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். சொல்கிறேன் என்றேன். எங்கள் பக்கம் தட்டு மாற்றுவதற்கு முன் சபையில் பெண்ணைப் பெற்றவன் ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டதுதான். பெண் எழுந்து பேசும் வழக்கமும் கிடையாது.

மறுநாள் குறிஞ்சிப்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். மேளம் முழங்கியது. மெஷின் வழியாக அது மண்டைக்குள் ஆணி அடித்தது. போனை எடுத்துச் சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். மேளம் நின்று எல்லோரும் ஜமக்காளத்தில் எதிரெதிராக உட்கார்ந்ததும், கூட்டுவதற்காக மறுபடி போனை எடுத்தேன். விரலை வைத்தேன், திறக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன், அப்போதும் இல்லை. என் மனைவி முழங்கையால் இடித்து, காதோடு வாய் வைத்துப் பல்லைக் கடித்தாள்.

"சம்மந்தி சபையில போன் பாக்குறாருன்னு பேசிக்கிறாங்க. உள்ள வைங்க!"

வைத்தேன். வேறென்ன செய்வது? காது கேட்கவில்லை என்று சொல்லக் கூடாதென்று மகள் சொல்லியிருக்கிறாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னைப் பார்த்து வாயசைத்தார். முகத்தில் நல்ல சிரிப்பு. காது கேட்காதவன் சிரிப்பைப் பார்த்தால் என்ன செய்வான்? நானும் சிரித்துத் தலையாட்டினேன். எதிர்ப்பக்கம் எல்லோர் முகமும் மலர்ந்தது. வெற்றிலைத் தட்டைத் தூக்கிவிட்டார்கள்.

அப்போதுதான் மகளைப் பார்த்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னவோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. எழுந்து நின்றாள். தொண்டை கிழியப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"எங்கப்பாவுக்குக் காது கேக்காது! மிஷின் போட்டுருக்காரு. நீங்க கேட்டது அவுருக்கு வுழல. கிட்ட வந்து கேளுங்க."

அத்தனை பேரும் என் காதைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு அழகான மெஷின்.

தாய்மாமன் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். என் காதருகே குனிந்து கத்தினார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போவாதுல்ல?"

"போவா" என்றேன். மில்லில் பேசுகிற சத்தத்தில்தான் வந்திருக்கும். வாசலில் நின்ற மேளக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் இன்னும் உட்காரவில்லை.