இரண்டு கடலுக்குத் தண்ணீர் விடும் கூரை

குரோய்டனில் டிராமுக்குத் தண்டவாளம் போடத் தெருவைக் கிண்டி வைத்திருந்த காலத்தில்தான் நான் லண்டன் வந்தேன். அதற்கு முந்திய மாசிமாதம் செக் நாட்டில், மலைமேலிருக்கும் ஒரு சின்ன ஊரில் கிடந்தேன். அந்த ஊரைப் பற்றி இவ்வளவு காலமும் வாய் திறக்கவில்லை. போன கிழமை மூர்த்தி போன் எடுத்தபடியால் திறக்கிறேன்.

மூர்த்தி அப்போது ஆட்களை எல்லை தாண்டி அனுப்பும் ஏஜென்ட். இப்போது லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் பெரிய மனிதர்.

"அண்ணை, எனக்கு எழுபது வயசு வருது. கோலியர்ஸ் வுட்டில விழாவுக்கு ஹோல் எடுத்திருக்கு, விழா மலரும் ஒண்டு போடுறாங்கள். நான் உங்களைக் கூட்டியந்த கதையை எழுதித் தாங்கோவன்."

"ரவியையும் எழுதலாமோ?"

"செத்தவன்ர கதை இப்ப ஏன்? அவன் ஜெர்மனியில கலியாணம் கட்டி வீட்டை மறந்திட்டான் எண்டுதான் தங்கச்சிக்காரிக்குச் சொன்னனான். அப்பிடியே கிடக்கட்டும்."

ரவி என் கூட்டாளி. சாவுச் செய்தியைத் தானே சொல்லிவிடுவதாக எனக்கு வாக்குத் தந்தவர் இந்த மூர்த்தி. செத்தவனை நன்றிகெட்டவனாக்கி வைத்திருக்கிறார் என்பது போன் வந்த அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

எங்கள் இருவரையும் வான் வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, மூர்த்தி ஓர் ஓடையைக் காட்டினார். "இந்தத் தண்ணி ஜெர்மனிக்குத்தான் போகுது. கரையோட நடவுங்கோ. நாலு மணித்தியாலம்." நாங்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். கிணறு தெரியும், கடல் தெரியும். ஆறு எங்கே தெரியும்? ஒரு நாட்டுத் தண்ணீரெல்லாம் ஒரே பக்கம்தான் ஓடும் என்று நம்பி, பனிக்குள் ஒரு நாள் முழுக்க நடந்தோம். எல்லை வரவில்லை. ரவிக்கு நெஞ்சுச் சளி கட்டிவிட்டது. வந்த அடிச்சுவட்டைப் பிடித்து, இறக்கிவிட்ட ஊருக்கே திரும்பினோம்.

மர ஆலை வைத்திருந்த கரெல் என்பவர் கதவைத் திறந்தார். உருளைக்கிழங்கு சூப் தந்தார். அந்த ஊரில் கல்லும் உருளைக்கிழங்கும் தவிர வேறொன்றும் விளையாது. வயலில் பொறுக்கிய கற்களைக் குவித்துக் குவித்தே வரம்பு கட்டியிருப்பார்கள். மறுநாள் அவர் தன் கூரையைக் காட்டி ஏதோ சொன்னார். சாப்பாட்டுக்குப் பதிலாகக் கூரை மேயச் சொல்கிறார் என்று நினைத்து நான் ஏணியைத் தேடினேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கரித்துண்டால் தரையில் படம் கீறினார். கூரையின் ஒரு பக்கத்தில் விழும் மழை ஜெர்மனி வழியாக வடகடலுக்குப் போகிறது. மற்றப் பக்கத்து மழை கருங்கடலுக்குப் போகிறது. நாங்கள் பிடித்து நடந்தது கருங்கடல் தண்ணீர். ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையைச் சுழற்றி நாலு விரலைக் காட்டினார். மூர்த்தி சொன்ன நாலு மணித்தியாலம் வாகனத்துக்கு உரியது.

கையாலும் கரியாலும் அவர் விளக்கியபடி, முன்னொரு காலத்தில் அங்கே வெள்ளி தோண்டினார்களாம். பாதி வீடுகளில் ஜெர்மன் பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்களாம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், ஆளுக்கொரு பொட்டலத்தோடு அவர்களைத் துரத்திவிட்டார்கள். கரெல் பிறந்ததும் அப்படி வெறுமையான வீடு ஒன்றில்தான். கதவுநிலையில் செதுக்கியிருந்த பழைய பெயரைத் தடவிக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்தார். என் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ, அவர்கள் குனிவார்களா?

மூன்றாம் நாள் ரவி செத்துப்போனான். துரத்தப்பட்ட சனத்தின் சவக்காலையில் இடம் நிறையக் கிடந்தது.

"குரோய்டனில அகதி விசாரணையில அந்த நாட்டின்ர பேரை எடுத்தியளோ, அங்கேயே திருப்பி ஏத்துவாங்கள்" என்று மூர்த்தி, பிறகு தேடிவந்து என்னை லண்டனுக்கு ஏற்றும்போது வெருட்டினார். நான் பயந்தேன். அது என் பிழை. இப்போது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என் சட்டைப்பையில் இருக்கிறது.

மூர்த்தி, நீர் கேட்ட கதை இதுதான். உம்முடைய மலரில் போடமாட்டீர் என்பதால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நீர் கேக் வெட்டும் நேரம் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிரதி கிடக்கும். மாலையோடு நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பாரும். நானும் முன்வரிசையிலிருந்து உம்மைப் பார்ப்பேன்.

எங்கள் அல்வாய்ப் பக்கத்து ஆட்கள் யாராவது இதை வாசித்தால், ரவியின் தங்கச்சி கமலாவிடம் போய்ச் சொல்லுங்கள். அண்ணன் அவளை மறக்கவில்லை. தேவாலயத்துக்குப் பின்னால், ஜெர்மன் பெயர்களுக்கு நடுவே, இடப்பக்கமிருந்து மூன்றாவது குழியில் கிடக்கிறான். பலகையில் அவன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.