ஜெர்மனியில் மைனஸ் நாலு

இன்று மாலை கம்பெனி பஸ்ஸில் தனலட்சுமி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஜெர்மனிக்குப் போகும் பூட்ஸ் தைக்கிறவர். குடியாத்தத்தில் இருந்துகொண்டு தினமும் செல்போனில் ஜெர்மனியின் குளிரைப் பார்ப்பார். அங்கே குளிர்ந்தால்தான் இங்கே ஆர்டர் வரும், ஓவர்டைம் கிடைக்கும்.

"மேடம், மைனஸ் நாலு! இந்த வாட்டி ஓவர்டைம் ஜாஸ்தி இருக்கும் பாருங்க" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

நான் ஆபீஸில் வேலை பார்ப்பவள். காலையில் வந்த மெயிலைப் படித்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஆர்டரைப் பாதியா கொறச்சிட்டாங்கக்கா. அடுத்த வாரத்துலேர்ந்து ஓவர்டைம் கெடையாது."

"இன்னா மேடம் சொல்றீங்க? அவ்ளோ குளுருதே, பூட்ஸ் வேணாமா?"

"அங்க கேஸ் வெல கண்டபடி ஏறிப்போச்சு. சாமான் வெலயும் ஜாஸ்தி. வீட்டச் சூடா வெச்சுக்கவே சம்பளம் பத்தலயாம். அதான் போன வருஷத்து பூட்ஸயே போட்டுக்கறாங்க."

செல்போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். பஸ் மாதனூரைத் தாண்டியது.

"போன வருஷத்து பூட்ஸும் நாங்க தெச்சதுதானே மேடம்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. "அவ்ளோ கெட்டியா தெச்சிருக்க வேணாம்."

ஒரு தையல் பிசகினாலும் பிரித்துத் தைக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவது எங்கள் ஆபீஸ்தான்.

ஜெர்மனியில் இருக்கும் நண்பர்களே, உங்கள் பூட்ஸ் எப்போது கிழியும்?