கிழட்டுக் குதிரையின் போர்வை

டென்மார்க்கில், ஸ்கீவ என்ற ஊருக்கு வெளியே, மகளின் வீட்டுப் பின்வளவில் இரண்டு குதிரைகள் நின்றன. குளிர் இறுகுவதற்கு முன் படலையடிச் சேற்றுக்குச் சரளைக்கல் கொட்டினோம். காய்ந்த புல்லுக் கட்டுகளை மழை படாமல் கொட்டிலுக்குள் அடுக்கினோம். குதிரைப் போர்வைகளில் அறுந்த வார்களைத் தைப்பது என் வேலை.

மூத்த குதிரைக்குக் குளிர்கால மயிர் அடர்ந்து வளர்ந்திருந்தது. நன்றாகக் கொழுத்து நிற்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அம்மா, மயிருக்குள்ளே கையை விட்டுப் பாருங்கோ," என்றாள் மகள்.

விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டன. பல் போய்விட்டதால், அது மென்ற புல்லை விழுங்க முடியாமல் உருண்டை உருண்டையாகத் துப்பியிருந்தது. இங்கே இப்படியான குதிரையைப் பனிக்குள் வதைய விடமாட்டார்கள். குளிருக்கு முன்பே மிருக வைத்தியரைக் கூப்பிட்டு, நோகாமல் சாக மருந்து ஏற்றிவிடுவார்கள்.

எதிர்த்துக் கதைத்து எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் கேட்டேன்: "கஞ்சி மாதிரிக் கரைச்சுக் குடுத்துப் பாப்பமோ?"

"கஞ்சியோ? தொட்டுக்கொள்ளச் சம்பலும் வேணுமோ?" என்று சிரித்தவள், தானே போய்த் தீவனத்தைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தாள்.

ஒரு கிழமை அப்படியே வைத்தோம். ஒவ்வொரு நாளும் வாளியில் பாதிக்கு மேல் மிஞ்சியது.

பிறகொரு பின்னேரம் மகள் தொலைபேசியில் டேனிஷில் கதைத்துவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை டொக்டர் வாறார்," என்றாள். என் மடியில் கிடந்த போர்வையைப் பார்த்தாள். "அதுக்கு இனி இது வேண்டாம், அம்மா."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் குளிரும்தானே, பிள்ளை," என்று சொல்லிவிட்டு, மிச்ச வாரையும் தைத்து முடித்தேன்.